பச்சைக் கடையிலிருந்து க்வாலே வரை

கென்யாவுக்குப் போக இப்போது விசா வேண்டாம். 2024 ஜனவரியில் அந்த நாடு விசாவையே எடுத்துவிட்டதாகப் பெருமையாக அறிவித்தது. அதற்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் படமெடுத்து ஏற்ற வேண்டும், முகத்தைப் படமெடுத்து ஏற்ற வேண்டும், தங்கப்போகும் விடுதியின் ரசீதைக் காட்ட வேண்டும், 30 டாலருக்குக் குறையாமல் கட்ட வேண்டும். விசாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் சென்னையில் வீட்டை விட்டு வெளியே போகாமல் வேலை முடிந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நைரோபியில் குடிவரவு அதிகாரி அனுமதியின் அச்சுப் பிரதியைக் கேட்டார். கையோடு எடுத்துப் போயிருந்தேன். எதற்கும் ஒரு ஜெராக்ஸ் இருக்கட்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய பாடமாயிற்றே.

ஒரு நாடு மின்னணுச் சேவைகளுக்கு எவ்வளவு தயார் என்று அளந்து பட்டியல் போடும் வழக்கம் கால் நூற்றாண்டாக இருக்கிறது. லண்டன் எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு 2000-இல் தொடங்கியது. ஐ.நா. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 193 நாடுகளை வரிசைப்படுத்துகிறது. இணையத்தில் அரசு தரும் சேவைகள், தொலைத்தொடர்பு வசதி, மக்களின் கல்வி என்று மூன்று கூறுகளுக்கு மதிப்பெண். 2024-இல் முதல் மூன்று இடங்கள் டென்மார்க்குக்கும் எஸ்டோனியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயின. மூன்றும் வசதியான சின்ன நாடுகள். அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்பதைப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

கென்யா வேறு ரகம். 2019-இல் அங்கே காகிதமே இல்லாமல், டேப்லெட்டை வைத்துக்கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 4 கோடியே 76 லட்சம் பேர். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 47.3 சதவீதத்தினரிடம் செல்போன் இருந்தது, 22.6 சதவீதத்தினர் இணையம் பயன்படுத்தினார்கள், கணினியைத் தொட்டவர்கள் 10.4 சதவீதம். இந்த எண்களை மட்டும் பார்க்கும் எந்த ஆய்வாளரும் ‘இன்னும் தயாரில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆனால் இதே நாட்டில் 2007 மார்ச்சிலிருந்தே காய்கறிக்காரம்மா முதல் பள்ளிக்கூடம் வரை செல்போனில் பணம் வாங்குகிறார்கள். நம் யுபிஐ வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. இந்த முரண்தான் என்னை அங்கே இழுத்தது.

எம்-பேசா என்ற அந்தச் சேவையை நைரோபியின் ரிவர் ரோடுப் பக்கத்துச் சந்து ஒன்றில் நின்று வேடிக்கை பார்த்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த கடை. கடை என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். முன்னால் இரும்புக் கம்பி வலை, அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே ஒரு இளைஞர், இரண்டு பட்டன் போன்கள், ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டு, கோடு போட்ட நீளப் பேரேடு. ஒரு பெரியவர் வருகிறார். தன் போனில் மெனுவைத் திறந்து கடையின் எண், தொகை, ரகசிய எண் என்று வரிசையாக அழுத்துகிறார். அனுப்புவதற்கு முன் கடையின் பெயர் திரையில் வருகிறது. சரிதானா என்று பார்த்து ஒப்புக்கொள்கிறார். சில நொடியில் இருவர் போனுக்கும் குறுஞ்செய்தி. இளைஞர் பெரியவரின் அடையாள அட்டையை வாங்கி எண்ணைப் பேரேட்டில் எழுதுகிறார், கையெழுத்து வாங்குகிறார், பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். இணையமும் இல்லை, ஸ்மார்ட்போனும் இல்லை. சிம் கார்டுக்குள்ளேயே இருக்கும் மெனுவும் குறுஞ்செய்தியும் போதும்.

அடுத்து வந்த பெண்ணிடம் இளைஞர் தலையை ஆட்டினார். “ஹகுனா ஃப்ளோட்.” அவர் கணக்கில் மின்பணம் தீர்ந்துவிட்டது, அந்தப் பெண் கொண்டுவந்த ரொக்கத்தை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக அவர் கணக்கில் ஏற்ற இவரிடம் கையிருப்பு இல்லை. எதிர்ச்சாரியில் இதே பச்சையில் இன்னொரு கடை இருந்தது, அந்தப் பெண் அங்கே போய்விட்டார். இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி இந்தக் கையிருப்புதான். ஒரு பக்கம் ரொக்கம், மறுபக்கம் மின்பணம், இரண்டும் தீராமல் நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டும். நகரங்களில் மக்கள் ரொக்கத்தைப் போட வருவார்கள், கிராமங்களில் எடுக்க வருவார்கள். அதனால் நகரத்துக் கடையில் நோட்டு குவியும், கிராமத்துக் கடையில் நோட்டு வற்றும். வங்கிக்கு ஓடி அதைச் சரிக்கட்டுவது ஏஜென்ட்டின் அன்றாடப் பாடு. எந்தத் தரவரிசை அட்டவணையிலும் இந்த ஓட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது.

இது பிறந்த கதையும் சுவையானது. வோடபோன் நிறுவனம் பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி நிதியைப் பெற்று, கென்யத் தொலைபேசி நிறுவனமான சஃபாரிகாம் வழியாக 2005-இல் சோதனை ஓட்டம் தொடங்கியபோது நோக்கம் வேறு: குறுங்கடன் வாங்கியவர்கள் தவணையைப் போனில் கட்டட்டும் என்பது. மக்களோ அதை ஊருக்குப் பணம் அனுப்பப் பயன்படுத்தினார்கள். நிறுவனத்தார் அதைப் பிடித்துக்கொண்டார்கள், 2007-இல் ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்ற ஒற்றை வாசகத்தோடு சேவை சந்தைக்கு வந்தது. மத்திய வங்கி முதலில் கொடுத்தது ஆட்சேபமில்லை என்ற ஒரு கடிதம்தான். மக்கள் பணம் தனி அறக்கட்டளைக் கணக்கில், வணிக வங்கியில் இருக்க வேண்டும், நிறுவனம் அதைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. பணப்பரிமாற்ற முறைக்கான சட்டம் 2011-இல் வந்தது, அதன் விதிகள் 2014-இல். அதற்குள் நாடே எம்-பேசாவில் குடியேறிவிட்டது. இன்று 3 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள்.

அரசுக்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. நைரோபி தலைமை அஞ்சலகக் கட்டடத்தில் 2013 நவம்பரில் முதல் ஹுதுமா மையம் திறந்தார்கள். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, வரி எண், மாணவர் கடன் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. நம் இ-சேவை மையத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன், வரிசை நாற்காலி, எண் ஒளிரும் பலகை எல்லாம் உண்டு. சுத்தமாக இருந்தது. வேகமாகவும் இருந்தது. அடுத்த ஆண்டே இ-சிட்டிசன் இணையதளம் வந்தது. 2023 ஜூன் 30 அன்று அதிபர் வில்லியம் ரூட்டோ 5,000 அரசுச் சேவைகளை அதில் ஏற்றியாகிவிட்டது என்று அறிவித்தார். எல்லாக் கட்டணமும் 222222 என்ற ஒரே எண்ணுக்கு, பெரும்பாலும் எம்-பேசா வழியாக. பச்சைக் கடைக்காரர்கள் ஊர் ஊராகச் சேர்த்துவைத்த நம்பிக்கையின் மேல்தான் அரசு தன் கட்டடத்தை எழுப்பியிருக்கிறது.

ஆனால் பத்தில் ஒருவர்தான் கணினியைத் தொடும் நாட்டில் 5,000 சேவைகளை யார் இயக்குகிறார்கள்? பதில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதன் பெயர் ‘சைபர்’. நம் ஊரில் பிரௌசிங் சென்டர் என்போமே, அதுதான். வாசலில் ஆளுயரப் பலகை: வரி எண், இ-சிட்டிசன், மாணவர் கடன், ஓட்டுநர் உரிமம், நன்னடத்தைச் சான்று, பாஸ்போர்ட், லேமினேஷன். நான் போனது ஜூன் மாதம். ஜூன் 30 வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள். வேலையே இல்லாதவரும், வரி எண் வைத்திருந்தால், எனக்கு வருமானம் பூஜ்யம் என்று இணையத்தில் கணக்குக் காட்டியாக வேண்டும். தவறினால் 2,000 ஷில்லிங் அபராதம். வருமானம் இல்லாதவர் வருமானம் இல்லை என்று சொல்வதற்கு சைபர்காரருக்குக் காசு கொடுக்கிறார்.

லுத்தூலி அவென்யூ பக்கத்துச் சைபர் ஒன்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கணினி முன் இருபத்தைந்து வயதுக்குள் ஒரு பெண். ஒரு மூதாட்டி மடித்த காகிதத்தை நீட்டினார்.

“ஷோஷோ, பாஸ்வேர்டு என்ன?”

“நீதானேம்மா போன வருஷம் வச்சுக் கொடுத்தே. உனக்குத்தான் தெரியும்.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் பக்கமாகப் பெயர், அட்டை எண், மின்னஞ்சல், கடவுச்சொல். பாட்டியின் மின்னஞ்சல் முகவரியை உருவாக்கியதும் அவர்தானாம். கென்யாவில் 2019 நவம்பரிலிருந்து தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதற்கென ஆணையரும் அலுவலகமும் இருக்கின்றன. அந்த இழுப்பறைக்குப் பூட்டு இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இல்லையென்றால் பாட்டிக்கு அரசாங்கமே இல்லை. கிராமத்துத் தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துப் படித்தும் காட்டிய காலத்தில் நாம் அதைத் தொண்டு என்றுதான் சொன்னோம். குறை, இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதையே கணக்கில் எடுக்காமல் எல்லோரும் ‘தாமே’ விண்ணப்பிக்கிறார்கள் என்று புள்ளிவிவரம் காட்டும் அரசிடம் இருக்கிறது.

மொம்பாசாவுக்கு ரயிலில் போனேன். சீனர்கள் கட்டி 2017-இல் ஓடத் தொடங்கிய மடராகா எக்ஸ்பிரஸ். போனில் முன்பதிவு, போனில் கட்டணம். நிலையத்துக்குப் போனால் அந்த எண்ணை இயந்திரத்தில் தட்டிக் காகிதச் சீட்டை எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு முன் எல்லோரும் பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க, போலீஸ் நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு போகிறது. பக்கத்திலேயே பழைய பாதை கிடக்கிறது. 1896 முதல் 1901 வரை பஞ்சாபிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள் போட்டது. ட்சாவோ காட்டில் செம்மண் பூசிய யானைகள் ஜன்னலோரம் தெரிந்தன. எதிர் இருக்கைக்காரர் யானையைப் பார்க்கவில்லை. வீட்டில் மின்சாரம் தீர்ந்துவிட்டது என்று மனைவியிடமிருந்து அழைப்பு. போனிலேயே பணம் கட்டினார், 20 இலக்க எண் குறுஞ்செய்தியில் வந்தது. அதை அப்படியே மனைவிக்கு அனுப்பினார். வீட்டு மீட்டரில் இருக்கும் பொத்தான்களில் அந்த எண்ணை அழுத்தினால் விளக்கு எரியும். ரயில் அடுத்த நிலையத்தைத் தொடுவதற்குள் எரிந்துவிட்டது.

“2023-இல் இது நின்றுபோனதே, என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

“மெழுகுவர்த்தி வாங்கினோம், ம்ஸீ (பெரியவரே),” என்றார்.

5,000 சேவைகள் என்று அறிவித்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. 2023 ஜூலை கடைசி வாரத்தில் இ-சிட்டிசன் மீது இணையத் தாக்குதல். ‘அனானிமஸ் சூடான்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பல் பொறுப்பேற்றது. பெரிய திருட்டு ஒன்றும் இல்லை. தாங்க முடியாத அளவு போலிக் கோரிக்கைகளை அனுப்பித் தளத்தைத் திணறடித்தார்கள். தரவு எதுவும் போகவில்லை என்றது அரசு. ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பம், ரயில் சீட்டு, மின்கட்டண எண் எல்லாம் தடுமாறின. விசா கிடைக்காமல் வந்த பயணிகளுக்கு விமான நிலையத்திலேயே விசா கொடுக்க நேர்ந்தது. எல்லாக் கதவையும் ஒரே தாழ்ப்பாளில் மாட்டினால் என்ன ஆகும் என்று அந்த வாரம் நாட்டுக்கே தெரிந்தது. தயார்நிலையை அளக்க விரும்புகிறவர்கள், ஒரு சேவை ஓடும்போது மட்டும் பார்க்காமல் நின்றுபோனால் மாற்று வழி என்ன என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கென்யா அன்றைக்குப் பாதிப் பதில்தான் வைத்திருந்தது.

மொம்பாசா கடற்கரை இந்தக் கதையின் இன்னொரு முனை. 2009 வரை கிழக்கு ஆப்பிரிக்கா உலகத்தோடு பேசியது செயற்கைக்கோள் வழியாகத்தான். விலை கேட்டால் தலை சுற்றும். தகவல்துறைச் செயலராக இருந்த பிதாங்கே ந்டெமோ, மற்றவர்கள் இழுத்தடித்த கேபிள் திட்டத்துக்குக் காத்திராமல், ஐக்கிய அரபு நாட்டு ஃபுஜைராவிலிருந்து நேராக ஒரு கடலடிக் கேபிள் இழுக்க வேண்டும் என்று நின்று சாதித்தார். ‘டீம்ஸ்’ என்ற அந்தக் கேபிள் 2009 ஜூனில் மொம்பாசாக் கரையேறியது. அடுத்த மாதமே சீகாம் கேபிளும் வந்தது. இன்று நைரோபியில் பார்க்கும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்த ஆண்டுதான். அதன் பலவீனமும் அங்கேதான். 2024 மே மாதம் தென்னாப்பிரிக்கப் பக்கம் இரண்டு கேபிள்கள் அறுந்தபோது கென்யா தவழ்ந்தது. அடுத்த மாதம், ஜூன் 25 அன்று, நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்த நாளிலும் இணையம் படுத்தது. முடக்க மாட்டோம் என்று ஒழுங்குமுறை ஆணையம் முதல் நாள்தான் சொல்லியிருந்தது. கடலடிக் கேபிள் பழுது என்றன நிறுவனங்கள். நான் பேசிய இளைஞர்களில் அதை நம்பியவர் ஒருவரும் இல்லை.

எம்-பேசாவைச் சட்டம் வருவதற்கு முன்பே ஏற்றுக்கொண்ட அதே மக்கள், அரசின் எண்ணை ஏற்க மறுத்தார்கள். ‘ஹுதுமா நம்பா’ என்ற பெயரில் 2019-இல் நாடு முழுக்கக் கைரேகையும் விவரங்களும் திரட்டினார்கள். கென்யாவின் ஆதார் என்று சொல்லலாம். நூபியர் உரிமை மன்றம் முதலான அமைப்புகள் வழக்குப் போட்டன. நூபியர்கள் பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்டு சூடானிலிருந்து வந்த வீரர்களின் வம்சம். தலைமுறைகள் கடந்தும் அடையாள அட்டை கேட்டால் தனி விசாரணைக் குழு முன் நிற்க வேண்டியிருந்தவர்கள். அட்டை கிடைக்காதவனுக்குப் புதிய எண் எப்படிக் கிடைக்கும் என்பது அவர்கள் கேள்வி. 2020 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முறையான சட்டக் கட்டமைப்பு இல்லாமல் தொடரக்கூடாது, மரபணுவும் இருப்பிடத் தரவும் கேட்கவே கூடாது என்றது. இந்திய வம்சாவளி அரசியலமைப்பு அறிஞர் யஷ் பால் காயும் கதீபா நிறுவனமும் மறுபடி நீதிமன்றம் போனார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் தாக்க மதிப்பீட்டைச் செய்யாமல் அட்டை வழங்கியது செல்லாது என்று 2021 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு வந்த ‘மைஷா நம்பா’வும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. பள்ளிக் கட்டணத்தையும் இ-சிட்டிசனில்தான் கட்ட வேண்டும் என்ற உத்தரவு 2025-இல் நீதிமன்றத்தில் அடிபட்டது.

இதைத் தொழில்நுட்ப வெறுப்பு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எம்-பேசா வேண்டாம் என்றால் ரொக்கத்தோடு வாழலாம். அரசின் எண்ணை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. விலக முடியாத ஒன்றைக் கொண்டுவருகிறவன்தான் முதலில் சட்டத்தைக் காட்ட வேண்டும். அதை எழுந்து கேட்கும் அமைப்புகளும், கேட்டதும் அரசை நிறுத்தும் நீதிமன்றமும் இருப்பது என் கணக்கில் 5,000 சேவைகளை விடப் பெரிய தகுதி. 2017 செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையிலான உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. ஒரு காரணம், தேர்தல் ஆணையம் தன் சர்வர்களை நீதிமன்றம் சொன்னபடி திறந்து காட்டவில்லை. அதன் பலன் 2022-இல் தெரிந்தது: 46,000-க்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுப் படிவங்கள் படமாக இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஏற்றப்பட்டன. கல்லூரி மாணவர்கள் அறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள்.

லிகோனி படகுத் துறையில் காலுக்குக் காசில்லை, வண்டிக்குத்தான் கட்டணம். அக்கரை போய் தெற்கே க்வாலே மாவட்டத்துக்குள் இறங்கினேன். இங்கே மகோண்டே மக்கள் இருக்கிறார்கள். முன்னோர்கள் மொசாம்பிக்கிலிருந்து கற்றாழை நார்த் தோட்டங்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் வேலைக்கு வந்தவர்கள். கருங்காலி மரச் சிற்பத்துக்குப் பேர்போனவர்கள். தலைமுறைகளாக இங்கே பிறந்து இங்கேயே இறந்தும் 2016 வரை எந்த நாட்டுக்காரர்களும் அல்லர். அந்த அக்டோபரில் நைரோபியை நோக்கி நடைப்பயணம் கிளம்பி, அதிபர் மாளிகை வாசல் வரை போய்விட்டார்கள். 2017 பிப்ரவரியில் நாட்டின் 43-ஆம் இனக்குழுவாக அறிவிக்கப்பட்டு அட்டை வாங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஆசிய வம்சாவளிக் கென்யர்கள் 44-ஆவது குழுவானார்கள். நடக்காமலேயே.

மாமரத்தடியில் உளியோடு உட்கார்ந்திருந்த சிற்பி ஒருவர் பேசினார். அட்டை இல்லாதவருக்கு சிம் கார்டு கிடையாது. சிம் இல்லையென்றால் எம்-பேசா இல்லை. அதனால் அவருடைய சிற்பங்களுக்கு மொம்பாசாக் கடைக்காரர்கள் அனுப்பும் பணம் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணுக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். அது எவ்வளவு என்று கேட்டேன். “அவர் மனசைப் பொறுத்து,” என்றார். அட்டை கைக்கு வந்ததும் தன் பெயரில் ஒரு சிம் வாங்கினாராம். அவருடைய போன் பழைய பட்டன் போன்தான், பின்பக்கம் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. இ-சிட்டிசன் பற்றிக் கேட்டேன். அதற்கு மகன் இருக்கிறான் என்றார்.

இதே கடற்கரையில் ஸான்ஸிபார் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெம்பா மீனவர்களுக்கு 2023-இல்தான் அங்கீகாரம் கிடைத்தது. வடகிழக்கு மாவட்டத்தாருக்கு அட்டை தருமுன் நடந்த தனி விசாரணையை ரத்து செய்யும் பிரகடனத்தில் ரூட்டோ 2025 பிப்ரவரியில்தான் கையெழுத்திட்டார்.

கென்ய மக்களுக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் போடுவேன். நீதிமன்றங்களுக்கும் அப்படியே. அரசு நல்ல கட்டடக்காரர். ஆனால் அடித்தளத்தைக் கூரைக்குப் பிறகு போடுகிறார். பட்டியல் தயாரிக்கும் ஐ.நா. அதிகாரிகள் அடுத்த பதிப்பில் நான்காவது கூறாக ஒன்றைச் சேர்க்கலாம்: இந்த நாட்டில் பிறந்தும் அட்டை இல்லாதவர்கள் எத்தனை பேர்? அதைக் கேட்டு எழுதாதவரை, இணையத்தில் எத்தனை சேவை ஏறியிருக்கிறது என்ற கணக்கு பாதிக் கணக்குதான்.